பதினேழாவது வரிசை

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு எட்டு வருடம் தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. அந்த நேரத்தில் நான் பின்னியவை பெரும்பாலும் குழந்தைக் குல்லாய்களும் சின்னக் காலுறைகளும்தான். இந்த வெயிலில் உல்லன் நூலை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று பக்கத்தில் உட்காருகிறவர்கள் கேட்பார்கள். அவர்கள் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் அந்தக் கேள்வி போய்விடும். எங்களுக்கும் ஒரு குல்லாய் போட்டுத் தர முடியுமா என்று வந்து நிற்பார்கள்.

அக்காவை அந்த பஸ்ஸில்தான் முதலில் பார்த்தேன். 2004இல், மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால். ஜன்னலோரமாக உட்கார்ந்து, மடியில் மஞ்சள் நூல் உருண்டையை வைத்துக்கொண்டு, ஊசியைப் பார்க்காமலே பின்னிக்கொண்டிருந்தார். என் பையிலிருந்தும் இரண்டு ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். கடலூர் ஓல்டு டவுனில் வீடு. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரு மகள். அண்ணாமலை நகரில் ஒரு பெண்கள் விடுதியில் உதவியாளர் வேலை. அறைச் சாவிகளை வாங்கி வைப்பது, துணி எண்ணிப் போடுவது, காய்ச்சலில் படுத்த பெண்களுக்குக் கஞ்சி கொண்டுபோவது. நான் சிதம்பரத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். அன்றிலிருந்து யார் முதலில் ஏறினாலும் மற்றவருக்குப் பையைப் போட்டு இடம் பிடித்து வைப்பது என்றாகிவிட்டது. சிப்காட் ரசாயன ஆலைகளின் நெடி தாண்டும்வரை ஜன்னலை மூடி வைத்திருப்போம். ஆலப்பாக்கம் வந்தபின் திறப்போம்.

அக்கா பத்தாவது முடித்து, தையலும் பின்னலும் கற்று, அதற்கான சான்றிதழும் வாங்கியிருந்தார். பள்ளிக்கூடத்தில் கைவேலை டீச்சராக வேண்டும் என்பது அவருடைய எண்ணம். விடுதியில் எல்லாரும் அவரை 'ஆயா' என்று கூப்பிட்டார்கள். அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. அதைப் பற்றி ஒருமுறைதான் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு ஊசியிலிருந்த நூல் கண்ணிகளை எண்ணத் தொடங்கினார்.

அடுத்த வருடம் சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பகுதிநேரக் கைவேலை ஆசிரியை வேண்டும் என்று கேள்விப்பட்டு அக்கா விண்ணப்பித்தார். விண்ணப்பத்தை நான்தான் டைப் செய்தேன். நான்கைந்து பெண்கள் வந்திருந்தார்களாம். தலைமை ஆசிரியையாக இருந்த சிஸ்டர் எல்லாரையும் ஒரு வகுப்பறையில் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு உருண்டை நூலும் இரண்டு ஊசிகளும் கொடுத்து, ஓர் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து ஜெராக்ஸ் எடுத்த ஒரு பக்கத்தையும் கொடுத்தார். இலை போட்ட சால்வைக்கான பேட்டர்ன், அதாவது பின்னும் முறை, அதில் இருந்தது. மதியத்துக்குள் முப்பது வரிசை பின்னிக் காட்ட வேண்டும்.

அக்காவால் பதினாறு வரிசைக்கு மேல் போக முடியவில்லை. ஒவ்வொரு இலைக்கும் பதினொரு கண்ணி இருக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் போட்டிருந்தது. பதினேழாவது வரிசையை அதில் சொன்னபடி முடித்தால் பத்துதான் மிஞ்சியது. பிரித்தார். திரும்பப் பின்னினார். திரும்பவும் பத்து. மூன்றாவது தடவை பிரித்துக்கொண்டிருக்கும்போது மணியடித்துவிட்டது. பக்கத்திலிருந்த பெண் கண்ணி குறைவதைக் கவனிக்காமலே போய்க்கொண்டிருந்தாள். இலையெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஆனால் முப்பது வரிசை இருந்தது. வேலை அவளுக்குக் கிடைத்தது.

மறுநாள் பஸ்ஸில் அக்கா அந்த ஜெராக்ஸை என்னிடம் கொடுத்தார். திருப்பித் தரச் சொல்லி யாரும் கேட்கவில்லையாம். நானும் வீட்டில் உட்கார்ந்து பின்னிப் பார்த்தேன். எனக்கும் பத்துதான் வந்தது. ஆங்கிலம் எனக்கு அக்காவைவிடக் கொஞ்சம் நன்றாகத் தெரியும். அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து நான் அவரிடம் சொன்னது இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

"அக்கா, புக்குல தப்பு இருக்காது. நம்ம கையிலதான் எங்கயோ விடுது."

தினமும் டைப் அடிக்கும் தாள்களில் எழுத்தை விட்டுவிட்டு வெள்ளை மை பூசித் திருத்துகிறவள் நான். வரி விட்டுப்போன மனுக்கள் கோர்ட்டிலிருந்து திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அச்சடித்த ஒரு புத்தகத்திலும் அப்படி விட்டுப்போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுவும் வெளிநாட்டில் அச்சடித்தது, வழவழப்பான தாளில் வந்தது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான். பேட்டர்ன் என்பது போட்டபடி செய்யவேண்டியது. வரவில்லையென்றால் செய்தவளிடம் குறை. நான் கற்றுக்கொண்டதை நம்பினேன். அக்கா என்னை நம்பினார்.

அதன்பிறகு நான்கு வருடம் அக்கா அந்தப் பக்கத்தை விடவில்லை. குல்லாய், காலுறை என்று கேட்டவர்களுக்குப் போட்டுக்கொடுப்பார். நடுவில் கொஞ்ச நாள் சும்மா இருந்தால் அந்த ஜெராக்ஸை எடுத்துவிடுவார். மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார். பதினேழாவது வரிசை வரும்போது பேச்சை நிறுத்திவிடுவார். பத்து. உதட்டைக் கடித்துக்கொண்டு பிரிப்பார். கடைசியில் அவராகவே ஒரு வழி செய்துகொண்டார். இரண்டு கண்ணிக்கு நடுவே கீழே ஓடும் நூலை ஊசியால் தூக்கி, அதை முறுக்கி, ஒரு கண்ணியாக்கிவிடுவது. எண்ணிக்கை சரியாகிவிடும். அதற்குத் 'திருட்டுக் கண்ணி' என்று பெயர் வைத்திருந்தார். அப்படியே ஒரு முழுச் சால்வையை மகளுக்காகப் பின்னி முடித்தார். நான் நன்றாயிருக்கிறது என்றேன். அவர் ஒவ்வொரு இலையிலும் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "திருடுன எடம் எனக்குத் தெரியுதே," என்றார்.

இதற்கிடையில் கடலூரிலேயே ஒரு பள்ளியில் அதேபோல ஒரு வேலை வந்தது. நான் விண்ணப்பம்கூட டைப் செய்து கொண்டுவந்தேன். அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். கடைசித் தேதி போனபின் கேட்டேன். அனுப்பவில்லை என்றார். அங்கேயும் அதே மாதிரி ஒரு பக்கத்தைக் கொடுத்து உட்காரவைப்பார்கள், இன்னொரு தடவை அந்த மாதிரி உட்கார முடியாது என்றார். அடுத்த வருடம் இன்னொரு வாய்ப்பைப் பற்றிச் சொன்னபோது பையிலிருந்து பின்னலை எடுத்துக்கொண்டார். நானும் வற்புறுத்தவில்லை. அவருடைய ஆங்கிலம் போதாது என்று உள்ளூர நானும் நினைத்திருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

2009இல் எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்தது. என் கணவர் சிப்காட்டில் ஒரு யூனிட்டில் ஷிப்ட் வேலை பார்த்தார். வளைகுடாவுக்குப் போக விண்ணப்பங்கள் அனுப்ப வேண்டும் என்று இன்டர்நெட் இணைப்பும் வாங்கினார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அவர் வேலைக்குப் போன நேரத்தில் நான் உட்கார்ந்து பின்னல் என்று தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். அப்படித்தான் ஓர் இணையதளத்துக்குள் போனேன். உலகம் முழுவதும் பின்னுகிற பெண்கள், கொஞ்சம் ஆண்களும்கூட, அங்கே கூடியிருந்தார்கள். ஒரு பேட்டர்னைத் திறந்தால் அதைப் பின்னியவர்கள் எல்லாரும் தாங்கள் பின்னியதைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். கீழே குறிப்புகள். என்ன நூல், என்ன ஊசி, எங்கே மாற்றினேன், ஏன் மாற்றினேன்.

முதல் சில வாரங்கள் நான் எதையும் பின்னவில்லை. படித்துக்கொண்டே இருந்தேன். ஒருத்தி கழுத்தைக் கீழே இறக்கியிருந்தாள். ஒருத்தி கைகளையே வைக்கவில்லை. ஒருத்தி பருத்தி நூலில் பின்னிவிட்டு, எங்கள் ஊர் வெயில் ஊர், கம்பளி தாங்காது என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தி, 'இந்தக் கரை எனக்குப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன்' என்று மட்டும் எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது. பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன். அவ்வளவுதான். யாரும் அவளைக் கேட்கவில்லை. இருபது வருடமாகப் பின்னுகிறேன், எனக்குப் பிடிக்கிறதா என்று ஒரு பேட்டர்னைப் பார்த்து நான் கேட்டதில்லை. அது என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது, உனக்கு வருகிறதா என்று.

அந்த இலைச் சால்வையும் அங்கே இருந்தது. பெயர் தெரியாததால் படங்களை வைத்துத் தேட வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கண்டுபிடித்தேன். அதே இலை, அதே பதினொரு கண்ணி. நூற்றுக்கணக்கான பெண்கள் பின்னியிருந்தார்கள். முதல் குறிப்பைத் திறந்தேன். பதினேழாவது வரிசையில் கவனம், அச்சில் ஒரு இடத்தில் ஊசியில் நூலைச் சுற்றிப் புதுக் கண்ணி சேர்க்கச் சொல்வது விட்டுப்போயிருக்கிறது என்று இருந்தது. அடுத்த குறிப்பிலும் அதுவேதான். திருத்தம் எங்கே கிடைக்கும் என்று ஒருத்தி கேட்டிருந்தாள். புத்தகம் போட்டவர்களே பல வருடங்களுக்கு முன்பே ஒரு திருத்தத் தாள் வெளியிட்டுவிட்டார்கள் என்று இன்னொருத்தி பதில் எழுதி, அதையும் இணைத்திருந்தாள்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். உடனே ஊசியை எடுத்து, அந்த ஒரு சுற்றைச் சேர்த்துப் பின்னிப் பார்த்தேன். பதினொன்று. திரும்ப எண்ணினேன். பதினொன்று. பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. அதற்கப்புறம்தான் அக்காவின் நினைவு வந்தது. கையிலிருந்ததை மேஜைமேல் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சொல்லாமல் விட்டிருக்கலாமா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அன்று அப்படி யோசிக்கவில்லை. அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றே நினைத்தேன். அந்தத் திருத்தத்தைப் பிரின்ட் எடுத்து, திங்கட்கிழமை பஸ்ஸில் அவர் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு புத்தகத்தில்தான், அவர் கையில் இல்லை என்றேன். அவர் அதைப் படிக்க முயன்றார். பஸ் ஆடியதில் எழுத்து நிற்கவில்லை. மடித்து வைத்துக்கொண்டார்.

"இத எப்ப எழுதியிருக்காங்க?" என்று கேட்டார்.

"ரொம்ப நாளைக்கு முன்னாடியேக்கா. நீங்க அந்த ஸ்கூலுக்குப் போனதுக்கு முன்னாடியே."

"அப்ப அந்த சிஸ்டருக்கு இது தெரியாது."

"தெரிஞ்சிருக்காதுக்கா."

 புதுச்சத்திரம் தாண்டி ஒரு கூட்டம் ஏறியது. ஒரு அம்மா எங்கள் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா அவளுடைய கூடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"மூணு தடவையும் அதே எடத்துல வந்து நின்னுச்சு. என் கை சரியாத்தான் செஞ்சிருக்கு. நான்தான் நம்பல."

நான் அவருக்குச் சொன்ன வார்த்தை அவருக்கும் நினைவிருந்திருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இருந்தாலும் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வரும் வழியில் அவரை வீட்டுக்கு அழைத்து அந்தத் தளத்தைக் காட்டினேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பார்த்தார். அந்தச் சால்வையின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். நீலம், பச்சை, ஒன்று குட்டையாக, ஒன்று படுக்கை விரிப்பு மாதிரி. ஒருத்தி இலைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தாள். அதில் நிறுத்தச் சொன்னார்.

"இவுங்கள்லாம் யார்கிட்ட கேட்டுட்டு மாத்துறாங்க?"

யாரிடமும் கேட்க வேண்டியதில்லை அக்கா என்றேன். பேட்டர்ன் எழுதியவளும் நம்மை மாதிரி ஒருத்திதான், அவளே இங்கே வந்து பதில் எழுதுகிறாள் என்றேன். எனக்குப் பெரிதாகத் திறந்துகொண்ட விஷயம் அது. உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் இன்னும் பத்துப் படங்கள் பார்த்தார். பிறகு போதும் என்றார். காபி போடுகிறேன் என்றேன். மகள் காத்திருப்பாள் என்று எழுந்துவிட்டார்.

அந்த வாரத்திலிருந்து அக்கா பஸ்ஸில் பின்னுவதை நிறுத்திவிட்டார். கேட்டால் கண் வலிக்கிறது என்பார். குல்லாய் கேட்டு வந்தவர்களை என்னிடம் அனுப்பினார். நான் மட்டும் பின்னிக்கொண்டிருக்க, அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வருவார். அந்தத் தளம் எனக்குக் கொடுத்ததெல்லாம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. நான்கு வருடம் ஒரு தவறோடு அவர் மல்லுக்கட்டியதில் ஒரு மரியாதை இருந்தது. உலகத்தில் எத்தனையோ பேர் அதை ஒரு வரிக் குறிப்பில் தாண்டிப் போயிருக்கிறார்கள் என்று தெரிந்தபின் அந்த மரியாதையும் போய்விட்டது.

எதையாவது சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அவருடைய மகளிடம் அந்தச் சால்வையை வாங்கி, படம் எடுத்துத் தளத்தில் போட்டேன். என் தோழி பின்னியது, திருத்தம் தெரியாமல் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார் என்று எழுதினேன். சிலர் நன்றாயிருக்கிறது என்றார்கள். சுற்றுப் போட்டால் அந்த இடத்தில் ஒரு ஓட்டை விழும், இவர் செய்ததில் இலை நுனி மூடி அழகாக இருக்கிறது, எப்படிச் செய்தார் என்று எழுதித் தர முடியுமா என்று ஒருத்தி கேட்டிருந்தாள். அதைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

என் பேரைப் போட்டாயா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். நல்லது என்றார். எப்படிச் செய்தது என்று சொல்லுங்கள், நான் எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

"தப்ப மறைக்கத்தானே செஞ்சேன். அத எதுக்கும்மா எழுதிக் குடுக்கணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. விடுதியில் பிள்ளைகளுக்கு இன்று தண்ணீர் வராது என்று சொல்வது போலச் சொன்னார். நானே அந்தச் சால்வையைப் பார்த்துப் பார்த்து எழுதி அனுப்பினேன். அதைக் கேட்ட பெண் நன்றி எழுதினாள். பின்னினாளா என்று தெரியாது.

இன்னொன்றும் செய்தேன். ஒருநாள் மத்தியான இடைவேளையில் வக்கீலிடம் சொல்லிவிட்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பழைய சிஸ்டரிடம் அந்தத் திருத்தத் தாளைக் காட்ட வேண்டும் என்று எண்ணம். அவர் மாற்றலாகிப் போய் இரண்டு வருடமாகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த அந்தப் பெண்ணும் ஒரு வருடத்திலேயே கல்யாணமாகிப் போய்விட்டாள். கைவேலை வகுப்பே இப்போது இல்லை. அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறார்கள். புதிய தலைமை ஆசிரியை என்னை உட்காரவைத்து, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சரிம்மா. அதுக்கு இப்ப நான் என்ன பண்ணணும்?" என்றார்.

 அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அங்கே போனதை அக்காவிடம் சொல்லவில்லை.

என் பின்னலும் பழைய மாதிரி இல்லை. எந்தப் பேட்டர்னையும் நம்பித் தொடங்க முடியவில்லை. தொடங்குமுன் எல்லாருடைய குறிப்புகளையும் படிக்க வேண்டும். ஒருத்தி சரி என்றதை இன்னொருத்தி தவறு என்றிருப்பாள். எல்லாவற்றையும் மாற்றலாம் என்று ஆனபின் எதை மாற்றாமல் விடுவது என்று தெரியவில்லை. பத்து வரிசை பின்னுவேன். வேறொருத்தி செய்தது இதைவிட நன்றாகத் தெரியும். பிரித்துவிடுவேன். முன்பெல்லாம் கேட்டவர்களுக்கு ஒரு வாரத்தில் குல்லாய் கொடுத்தவள், பிறந்த பிள்ளை உட்காரத் தொடங்கியபின்னும் கொடுக்காமல் நாள் கடத்தினேன். கேட்பவர்களும் குறைந்தார்கள். கடைத்தெருவில் ரெடிமேட் குல்லாய் தொங்க ஆரம்பித்திருந்தது.

2011 கடைசியில் புயல் வந்தது. எங்கள் தெருவில் மரமெல்லாம் விழுந்து, கரண்ட் வரப் பல நாட்களாயின. அக்கா வீட்டு ஓடு பாதிக்குமேல் போய்விட்டது. பஸ் ஓடத் தொடங்கியபின் நான் போய்ப் பார்த்தபோது துணிமணிகளையெல்லாம் வெயிலில் காயப்போட்டிருந்தார். அந்தச் சால்வையும் கிடந்தது. சேற்றுத் தண்ணீரில் ஊறிக் கெட்டியாகி, இலை எது இடைவெளி எது என்று தெரியாமல் இருந்தது. ஊறவைத்து அலசி, ஊசி குத்தி விரித்துக் காயவைத்தால் கொஞ்சம் சரியாகும் என்று தளத்தில் படித்திருந்தேன். எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், தரை துடைக்க ஆகும் என்றார்.

மகளுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. கூரையைப் போட்டு இங்கே தனியாக இருப்பதற்குப் பதில் என்னோடு வந்துவிடு என்று அவள் கூப்பிட்டாள். விடுதி வேலை ஒப்பந்த வேலைதான். விடுவதாகச் சொன்னபோது யாரும் இருங்கள் என்று சொல்லவில்லையாம். 2012 பொங்கல் கழித்து அக்கா போனார். பஸ் ஸ்டாண்டில் நானும் நின்றேன். பஸ் வரும்வரை மகளுடைய வீட்டில் தண்ணீர் வசதி எப்படி, பக்கத்தில் கோயில் இருக்கிறதா என்பதையே பேசிக்கொண்டிருந்தோம்.

அவருக்கு அதன்பிறகு இரண்டு மூன்று தடவை போன் செய்தேன். கடைசியாகப் பேசியது அந்த வருட மழைக்காலத்தில். மகள் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுவதும் தனியாகத்தான் இருக்கிறேன் என்றார். பக்கத்து வீட்டில் கன்னடம் பேசுகிறார்கள், ஒன்றும் புரியவில்லை என்றார். அங்கே குளிர் எப்படி என்று கேட்டேன்.

"ஜாஸ்திதான். பொண்ணு கடையில ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் குடுத்துச்சு. அதத்தான் போட்டுக்கிட்டிருக்கேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று அவர் போனை வைத்துவிட்டார்.